ஒரு பாட்டின் பாயிரம்: ‘ராக் அரவுண்டு த கிளாக்’ வரலாறு

நூலொன்றை ஆராயப் புகுவார் முதற்கண் அதன் பாயிரத்தை நோக்குதல் தமிழ் மரபு. ஆக்கியோன், வழி, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலிய எட்டனையும் சிறப்புப்பாயிரம் உணர்த்தும் என்பர் நன்னூலார். காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் உடன் சேர்த்து உரைப்பாரும் உளர் என்பதனையும் அவர் சுட்டுவர். இவ்வுறுப்புக்கள் ஏட்டிலும் தாளிலும் எழுதப்பெற்ற நூல்களுக்கே உரியன எனக் கொள்ளுதல் வேண்டா. எழுத்தாலன்றி ஒலியால் இயன்று, கோடிக்கணக்கான மக்களிடையே பரவிய இருபதாம் நூற்றாண்டு இசைத்தட்டுக்கும் இவை பொருந்தும். அங்ஙனம் பொருத்திக் காணுங்கால், வேறு வழியால் புலப்படாத சில உண்மைகள் புலப்படுகின்றன.

இக்கட்டுரையில் யாம் எடுத்துக்கொண்ட பாட்டு, அமெரிக்க நாட்டில் பில் ஹேலி என்பாரும் அவர்தம் ‘காமெட்சு’ குழுவினரும் 1954-இல் பாடிப் பதிவு செய்த ‘ராக் அரவுண்டு த கிளாக்’ என்பதாகும். ராக் அண்டு ரோல் என்னும் இசை உலகெங்கும் பரவுதற்கு வாயில் திறந்தது இதுவே என்பது இசை வரலாற்றார் பலர்க்கும் ஒப்ப முடிந்த கருத்து. ஆயின், இதன் வெற்றிக்குக் காரணம் யாது, அவ்வெற்றி யாருக்கு உரியது என்னும் இரு வினாக்களுக்கும் விடை எளிதில் கிடைப்பதன்று. அவ்விரண்டனையும் ஆராய்தலே ஈண்டு எம் நோக்கம்.

1. ஆக்கியோனும் நூற்பெயரும்

உரிமைப் பதிவின்படி இப்பாட்டை இயற்றியோர் இருவர். ஒருவர் மாக்ஸ் பிரீட்மன். மற்றவர் ஜேம்சு மையர்சு. பின்னவர் ஜிம்மி டி நைட்டு என்னும் புனைபெயரில் குறிக்கப்பெறுகின்றார். இருவரும் பிலடெல்பியா நகரத்துப் பாட்டுத் தொழிலைச் சார்ந்தவர்கள். பிரீட்மன் பழைய தலைமுறைப் பாடலாசிரியர். மையர்சோ பாட்டுக்களை வெளியிடும் தொழிலினர். சொல்லிலும் இசையிலும் எவர் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேற்றுமை இன்றும் தீர்ந்தபாடில்லை. இளைஞர் உலகின் கொடிப் பாட்டெனப் பின்னாளில் பெயர் பெற்ற ஒன்றன் ஆசிரியருள் ஒருவர் முதுமையை அணுகியவர் என்பது கருதத்தக்கது. பாட்டு இளமையுடையதாகத் தோன்றியது ஆசிரியரால் அன்று. கேட்டாரால் என்பதற்கு இது முதற் குறிப்பு.

நூற்பெயரும் புதியதன்று. இதே பெயர் தாங்கிய வேறு பாட்டுக்கள் இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வெளிவந்திருந்தன. இப்பாட்டையே ஹேலிக்குச் சில வாரம் முந்தி, 1954 மார்ச்சுத் திங்களில், சன்னி டே என்பாரின் குழு பதிவு செய்தது. அது சிறு நிறுவனம் ஒன்றன் வாயிலாக வெளிவந்து, பெரிதும் கேட்பாரின்றி ஒழிந்தது.

2. வழி

முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நூல்களைப் பகுக்கும் நெறியால் நோக்கின், இப்பாட்டை முதல்நூல் என்றற்கு இடமில்லை. இதன் பாடற்பகுதியின் இசைநடை, ஹாங்க் வில்லியம்சு 1947-இல் வெளியிட்ட ‘மூவ் இட் ஆன் ஓவர்’ என்னும் நாட்டுப்புறப் பாணிப் பாட்டோடு பெரிதும் ஒத்துள்ளது. அவ்விரண்டற்கும் அடியாக நிற்பது கருநிற மக்களின் புளூஸ் இசை. ‘ராக்’, ‘ரோல்’ என்னும் சொற்களும் அம்மக்கள் வழக்கிலிருந்தே எழுந்தன. கிளீவ்லாந்து நகர வானொலியில் 1951 முதல் அவ்விசைத்தட்டுக்களை ஒலிபரப்பிய ஆலன் பிரீடு என்பார், அச்சொற்களை அவ்விசைக்குப் பெயராகப் பரப்பினார்.

ஹேலி வந்த வழியும் இதனையே காட்டும். 1925-இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்து பென்சில்வேனியாவில் வளர்ந்த அவர், தொடக்கத்தில் மாட்டிடையர் கோலம் பூண்டு நாட்டுப்புறப் பாட்டுப் பாடியவர். 1951-இல் அவர் பதிவு செய்த ‘ராக்கெட் 88’ என்னும் பாட்டு, அதே ஆண்டில் ஜாக்கி பிரென்சுடன் என்னும் கருநிறப் பாடகர் பாடியது. 1952-இல் பதிவு செய்த ‘ராக் த ஜாயிண்டு’, 1949-இல் ஜிம்மி பிரஸ்டன் என்னும் கருநிறக் கலைஞர் பாடியது. ஹேலியின் தட்டுக்களை 1954 முதல் டெக்கா நிறுவனத்திற்காக உருவாக்கிய மில்ட் காப்ளர், அதற்கு முன் லூயி ஜோர்டன் என்னும் கருநிற இசைவாணருடன் பல்லாண்டு பணியாற்றியவர். ஜோர்டன் குழுவின் இசைத் துணுக்குக்களையே ஹேலி குழுவினர்க்குத் தாம் பாடிக்காட்டியதாகக் காப்ளர் பிற்காலத்தே கூறியுள்ளார். இவ்வளவும் நோக்கின், ஆக்கியோன் பெயர் இரண்டாயினும் இப்பாட்டின் வழியில் நிற்பார் பலர் என்பது தெளிவு.

3. யாப்பும் பொருளும்

யாப்பு மிக எளியது. பன்னிரு தாளக் கட்டங்கள் கொண்ட புளூஸ் அமைப்பு, மூவகைச் சுரக்கூட்டுக்களின்மேல் மீண்டும் மீண்டும் சுழல்கின்றது. பொருளும் எளியதே. மணியொன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணித் தொடங்கும் பாட்டு, கடிகார முள் முழுச்சுற்றுச் சுற்றும்வரை ஆடுவோம் என்னும் ஒரே கருத்தை மணிதோறும் விரித்துச் செல்கின்றது. சுற்றி வரும் கடிகாரமும் சுற்றி வரும் யாப்பும் தம்முள் இயைந்தமையே இதன் அமைப்புச் சிறப்பு. இரண்டு நிமிடத்திற்குச் சற்றே மிகும் இப்பாட்டில் எதிர்ப்போ கிளர்ச்சியோ கூறும் சொல் ஒன்றேனும் இல்லை என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

4. களம்

ஒலிப்பதிவு 1954 ஏப்பிரல் 12-ஆம் நாள், நியூயார்க்கு நகரில் பைத்தியன் டெம்பிள் என்னும் மண்டபத்தில் நிகழ்ந்தது. உயர்ந்த மேற்கூரையுடைய அம்மண்டபம் இயல்பாகவே எதிரொலி தந்தது. குழுவினர் வந்த படகு மணல்திட்டில் சிக்கியதால் அவர்கள் காலந்தாழ்த்து வந்தனர் என்பர். குறித்த நேரத்தின் பெரும்பகுதி ‘தர்ட்டீன் விமென்’ என்னும் மற்றொரு பாட்டிற்கே செலவாயிற்று. நிறுவனத்தார் முதன்மையாகக் கருதியது அதனையே. எஞ்சிய சிறு பொழுதில் நம் பாட்டு இருமுறை பாடப்பெற்றது. முதன்முறையில் கருவிகளின் ஒலி ஹேலியின் குரலை மூழ்கடித்தது. மறுமுறை குரல் மேலெழுமாறு பாடினர். பின்னர் இரண்டையும் இணைத்தே தட்டு உருவாக்கப்பெற்றது என்பது இசை வரலாற்றார் கூற்று.

பதிப்பாசிரியர்க்கு இச்செய்தி வியப்புத் தருவதன்று. இரு சுவடிகளின் பாடங்களை ஒப்புநோக்கி, ஒன்றில் சிதைந்ததை மற்றொன்றால் நிரப்பி, செம்பாடம் ஒன்றனை அமைத்தல் நாம் நன்கறிந்த பணி. அவ்வாறு அமைந்த பாடம் எச்சுவடியிலும் முழுதாக இருந்ததன்று. அதுபோலவே, உலகம் கேட்டு மகிழ்ந்த இப்பாட்டும் எவராலும் எப்பொழுதும் அவ்வடிவில் ஒருங்கே பாடப்பெற்றதன்று.

அன்று கிதார் இசைத்தவர் டானி செட்ரோன். அவர் ஹேலி குழுவின் நிலையான உறுப்பினரல்லர், பதிவுக்கென அழைக்கப்பெற்றவர். பாட்டின் நடுவே மின்னலென எழுந்து விரைந்திறங்கும் தனிக்கிதார்ப் பகுதி அவருடையது. 1952-இல் ‘ராக் த ஜாயிண்டு’ பதிவில் தாம் வாசித்ததையே அவர் இங்கும் ஏறத்தாழ அவ்வாறே வாசித்தார். அன்றைய பணிக்கு அவர் பெற்ற கூலி 21 டாலர் எனக் கூறுவர். 1954 சூன் 17-ஆம் நாள் மாடிப்படியிலிருந்து வீழ்ந்து அவர் உயிர் துறந்தார். அப்பொழுது அவருக்கு அகவை 33. பாட்டின் வெற்றியை அவர் கண்டிலர்.

5. காலம்

1954 மே மாதத்தில் தட்டு வெளிவந்தது. முன்பக்கத்தில் ‘தர்ட்டீன் விமென்’. பின்பக்கத்தில் நம் பாட்டு. ‘பில்போர்டு’ இதழின் பட்டியலில் ஒரு வாரம் 23-ஆம் இடத்தைப் பெற்று, அதனோடு மறைந்தது. வரலாறு இவ்வளவில் முடிந்திருப்பின் இக்கட்டுரைக்கு இடமே இராது.

1955 மார்ச்சில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தார் ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ என்னும் திரைப்படத்தை வெளியிட்டனர். ஈவன் ஹண்டர் எழுதிய புதினத்தைத் தழுவி ரிச்சர்டு புரூக்சு இயக்கிய அப்படம், நகர்ப்புறப் பள்ளியொன்றில் ஆசிரியர்க்கு அடங்காத மாணவர் கூட்டத்தைப் பொருளாகக் கொண்டது. படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் தோன்றுங்கால் இப்பாட்டு ஒலித்தது. ஆசிரியராக நடித்த கிளென் போர்டின் இளமகனிடம் இருந்த தட்டிலிருந்தே இயக்குநர் இதனைத் தெரிந்துகொண்டார் என்பது அம்மகனார் பின்னர் கூறிய செய்தி. படத்தின் பின் தட்டு மீண்டும் விற்பனைக்கு வந்தது. 1955 சூலை 9-ஆம் நாள் ‘பில்போர்டு’ பட்டியலில் முதலிடம் எய்தி, எட்டு வாரம் அவ்விடத்தில் நிலைத்தது. அவ்வாண்டு நவம்பரில் பிரித்தானிய நாட்டிலும் முதலிடம் பெற்றது. அந்நாட்டில் பத்திலக்கத்திற்கு மேல் விற்ற முதல் தட்டு இதுவே.

6. வெற்றிக்குக் காரணம்

இனி முதல் வினாவுக்கு வருவோம். ஈண்டு இரு ஒப்பீடுகள் துணை செய்யும். சன்னி டே பாடியதும் ஹேலி பாடியதும் ஒரே பாட்டு, ஒரே ஆண்டின, ஆயினும் ஒன்று மறைந்தது, மற்றொன்று நிலைத்தது. எனவே சொல்லமைப்பு ஒன்றே வெற்றிக்குப் போதிய காரணமன்று. நிறுவனத்தின் பெருமையே காரணம் எனின், ஹேலியின் தட்டை 1954-இல் வெளியிட்டதும் அதே டெக்காவே. அவ்வாண்டு அது வெல்லவில்லை. இசைத்திறனே காரணம் எனினும் இதே தடை எழும். 1954-இல் ஒலித்த தட்டில் 1955-இல் ஓர் ஒலியும் மாறவில்லை.

மாறியது களமும் கேட்போருமே. போருக்குப் பிந்திய அமெரிக்காவில் கைப்பொருளும் ஓய்வும் பெற்ற இளைஞர், தனிக்கூட்டமாகத் திரண்டிருந்தனர். அடங்காமையைக் காட்டும் கதையின் தலைவாயிலில் நிறுத்தப்பெற்றதும், எதிர்ப்புச் சொல் ஒன்றுமில்லாத இவ்வாட்டப் பாட்டு எதிர்ப்பின் குரலாகப் பொருள் கொள்ளப்பட்டது. திரையரங்கின் பேரொலிப் பெருக்கிகளில் அதன் முரசொலியைக் கேட்ட இளைஞர், அதனைத் தமக்கே உரியதாகக் கொண்டனர். 1956-இல் இப்பாட்டின் பெயரையே தாங்கி வெளிவந்த மற்றொரு படம் பிரித்தானியத் திரையரங்குகளில் ஓடியபொழுது இளைஞர் இருக்கைகளிடையே எழுந்தாடினர், பூசல்கள் விளைந்தன, சில ஊர்களில் படம் தடை செய்யப்பட்டது. பாட்டின் பொருளைப் பாட்டு தரவில்லை, அவையம் தந்தது.

ஆயினும் களமே எல்லாம் செய்தது என்று கூறுதலும் மிகையாம். அப்படம் சன்னி டே பாடிய தட்டைக் கொண்டு தொடங்கியிருப்பின் இவ்விளைவு நேர்ந்திருக்கும் என்று கருதற்கு இடமில்லை. செட்ரோனின் கிதாரும், மண்டபத்தின் எதிரொலியும், இரு பாடங்களை இணைத்த கைத்திறனும் சேர்ந்து ஆக்கிய ஒலியே அத்தலைவாயிலுக்கு ஏற்றதாயிற்று. ஆகலின், ஆக்கம் தகுதியைத் தந்தது; களம் பொருளைத் தந்தது; இரண்டும் கூடியவழி வெற்றி பிறந்தது என முடித்தலே பொருந்தும்.

7. பயன்

இரண்டாம் வினா இதனினும் கடினமானது. வெற்றியின் பயனை உற்றவர் எவர்? உரிமைப் பதிவில் பெயருடைய இருவர்க்கும் உரிமைப் பொருள் வந்தது. ஹேலி 1957-இல் இலண்டன் சென்றபொழுது வாட்டர்லூ நிலையத்தில் பெருங்கூட்டம் திரண்டது. அப்பதிவில் வாசித்த மார்ஷல் லைட்டில், ஜோயி அம்புரோசு ஆகிய இருவரும், குழுவின் முரசு வாசிப்பாளர் டிக் ரிச்சர்ட்சும், வெற்றியின் உச்சத்தில் 1955-இலேயே ஊதியப் பூசலால் குழுவை விட்டு நீங்கினர். செட்ரோன் பெற்றது அந்நாட் கூலி மட்டுமே. அவ்விசையை முதலில் பாடிய கருநிற மக்களின் தட்டுக்களோ தனிப் பட்டியலில் வைத்து எண்ணப்பெற்றன. 1949 வரை அப்பட்டியலுக்கு ‘இனத்துத் தட்டுக்கள்’ என்பதே பெயர். அதன் பின்னரே ‘ரிதம் அண்டு புளூஸ்’ என்னும் பெயர் வந்தது.

ஈண்டு ஹேலியைக் குறை கூறுதல் எம் கருத்தன்று. தாம் கேட்டு விரும்பிய இசையை அவர் பாடினார். தமக்கு முன் பாடியோரை அவர் மறைத்தாரும் அல்லர். குறை, ஆக்கியோன் என்னும் ஓர் உறுப்பையே பார்த்து ஏனைய உறுப்புக்களை விடுத்த கணக்கு முறையில் உள்ளது. உரிமைச் சட்டம் சொல்லையும் மெட்டையும் எழுதினாரை அறியும். பாட்டின் நடுவே கிதாரில் புதிது படைத்தாரை அறியாது. விற்பனைப் பட்டியல் தட்டின் மேல் உள்ள பெயரை அறியும். அதன் வழியை அறியாது.

ஹேலி 1981-இல் மறைந்தார். 1987-இல் ராக் அண்டு ரோல் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பெற்றது. காமெட்சு குழுவினர் அதனுட் சேர்க்கப்பெற்றது 2012-இல்தான். இடையே கழிந்தவை 25 ஆண்டுகள். அமெரிக்கக் காங்கிரசு நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவு ஏட்டில் இப்பாட்டைச் சேர்த்ததாக 2018-இல் அறிவித்தது.

முடிவுரை

தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் ஆசிரியர் பெயரோடு நில்லாது, நூல் அரங்கேறிய அவையத்தையும் அங்கிருந்து கேட்டாரையும் கூறுகின்றது. ஒரு நூல் ஒருவரால் மட்டும் நிறைவு பெறுவதில்லை என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தமைக்கு அது சான்று. இங்ஙனம் ஆராயின், ‘ராக் அரவுண்டு த கிளாக்’ பாட்டின் பாயிரத்தில் ஆக்கியோன் என்னும் இடத்தில் பிரீட்மன், மையர்சு என்னும் பெயர்களும், வழி என்னும் இடத்தில் ஜோர்டன், பிரஸ்டன், பிரென்சுடன், ஹாங்க் வில்லியம்சு என்னும் பெயர்களும், களம் என்னும் இடத்தில் ஹேலி, காப்ளர், செட்ரோன், புரூக்சு என்னும் பெயர்களும் எழுதப்பெறல் வேண்டும். கேட்போர் என்னும் இடத்தில் 1955-ஆம் ஆண்டின் பெயரறியா இளைஞர் பல்லாயிரவர் இடம்பெறுவர். பாட்டையும் கூத்தையும் வாய்மொழி இலக்கியத்தையும் ஆராயும் மாணவர், ஆக்கியோன் பெயர் கிடைத்தவுடன் தேடலை நிறுத்தாமல் பிற உறுப்புக்களையும் ஒவ்வொன்றாக வினவிச் செல்வாராயின், மறைந்து கிடக்கும் பெயர்கள் பல வெளிப்படும் என்பது எம் துணிபு.