நடக்கவொட்டா நோயும் வேங்கடமலைப் படிகளும்

தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வடவெல்லையாகக் குறித்த வேங்கட மலையின் அடிவாரத்தில் குடியேறி வாழும் நமக்குப் படியேறுதலும் ஒரு வழிபாடே. அலிபிரி வழியில் ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தொலைவும் 3,550 படிகளும் உள்ளன; சந்திரகிரிப் பக்கத்து ஸ்ரீவாரி மெட்டில் 2,388 படிகள். ஏறி வந்தவர் அதனைப் பேசிக் களிப்பதும், ஏற இயலாதவர் அப்பேச்சு எழும்போது மெல்ல எழுந்து வெளியே போவதும் நம் சங்கக் கூட்டங்களில் நாம் காணும் காட்சிகள். இக்கட்டுரை அவ்வாறு எழுந்து போகிறவரைப் பற்றியது.

நடக்க மறுக்கும் காலுக்காக இரங்கிய கதை இம்மலைக்குப் புதியதன்று. இராமாநுசரின் தாய்மாமனாராகிய பெரிய திருமலை நம்பி நாள்தோறும் பாபவிநாசத்திலிருந்து திருமஞ்சன நீர் சுமந்து வந்தார். அவர் முதுமையால் தளர்ந்தபோது, பெருமான் வேடனாக எதிர்வந்து அந்நீரைப் பருகிவிட்டு, ஈடாக ஆகாசகங்கையை அண்மையிலேயே தோன்றச் செய்தான் என்பது ஐதிகம். தண்ணீரமுது உற்சவம் இன்றும் அதனை நினைவூட்டுகின்றது. இராமாநுசரோ, மலையை ஆதிசேடனாகக் கருதி, காலால் மிதிக்க அஞ்சி முழங்காலால் ஏறினார் என்பர். இவற்றை வரலாறு என்று வாதிட நாம் முற்படவில்லை. எனினும், தொண்டரை அருவிக்கு அனுப்பாது அருவியைத் தொண்டரிடம் கொணர்ந்ததாக ஒரு மரபு சொல்லுமாயின், அம்மரபை வகுத்தவர் கால்வலியை அறிந்தவரே ஆவர்.

பின்னாளில் நடக்கவியலாதார் டோலியில் ஏறினர். அவரைத் தோளில் சுமந்தவரின் காலைப் பற்றி எழுதிவைத்தவர் அரியர். 1944-ஆம் ஆண்டில் மலைப்பாதை திறக்கப்பட்டு வண்டிகள் ஓடத் தொடங்கிய பின்னரே, நோயாளியும் பிறர் தோளை நாடாது மலைமேல் செல்லலாயிற்று.

முதுமையால் தளரும் கால் ஒருவகை. நாற்பது வயதில், நன்றாக உண்டு உறங்கியவனை நள்ளிரவில் எழுப்பி, கால் பெருவிரல் மூட்டைத் தணலில் இட்டாற்போல் எரியவைக்கும் நோய் வேறுவகை. இதனையே மேனாட்டார் கவுட் என்பர். நாம் கீல்வாதம் என்று பொதுவாகச் சொல்லும் பலவற்றுள் இதுவும் ஒன்று. கிரேக்க மருத்துவர் இப்பொகிரேட்டசு கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டிலேயே இதனை நடக்கவொட்டாத நோய் என்று குறித்தார். வடமொழி மருத்துவ நூல்கள் வாதரக்தம் என்னும் பெயரில் இதனை ஒத்த நோயை விரித்து, அது காலில் வேர்கொண்டு எலிநஞ்சு போல உடலில் ஊர்வது என்று சொல்கின்றன. சரகர் நூலில் இதற்கு ஆட்யவாதம், அதாவது செல்வர் வாதம், என்றும் ஒரு பெயருண்டு.

அப்பெயர் செய்த தீங்கு பெரிது. இங்கிலாந்தின் முதலமைச்சர் மூத்த வில்லியம் பிட், கால்களைக் கம்பளித் துணியால் சுற்றி, ஊன்றுகோல்களின் துணையால் பாராளுமன்றம் வந்தவர். இவருடைய பாட்டனார் தாமசு பிட் 1698 முதல் 1709 வரை நம் சென்னைக் கோட்டையில் கவர்னராயிருந்தவர். இத்தகையோர் வரலாற்றைப் படித்த உலகம், இந்நோய் வந்தவன் விருந்துண்டு கொழுத்தவன் என்று முடிவு கட்டிவிட்டது. நகரியில் தறியருகே நாள் முழுதும் நிற்கும் தொழிலாளிக்கு இது வந்தால் அவர் என்ன சொல்வார்? சுளுக்கு என்பார். எலும்பு முறிவுக்குப் பேர்போன புத்தூர்க் கட்டு இம்மாவட்டத்தில் தோன்றியதாதலின், வீங்கிய காலைக் கண்டதும் கட்டுப் போடுவதே நம்மவர்க்கு முதல் நினைவு. இந்நோய்க்குக் கட்டு மருந்தாகாது. குருதியில் மிகுந்த யூரிக் அமிலம் ஊசிமுனை போன்ற படிகங்களாக மூட்டினுள் தங்குவதே இதன் காரணம். 1848-இல் ஆங்கில மருத்துவர் காரோடு குருதியில் அவ்வமிலம் மிகுந்திருத்தலைக் காட்டினார். 1961-இல் அமெரிக்க மருத்துவர் மெக்கார்ட்டியும் ஹாலந்தரும் மூட்டுநீரில் அப்படிகங்களையே கண்டனர்.

நோயாளியின் நாள் எவ்வாறு கழிகின்றது என்பதை அறிய, 1683-இல் தன் நோயைத் தானே எழுதிய இலண்டன் மருத்துவர் சிடன்ஹாமை நாடலாம். போர்வையின் கனமும், அறையில் ஒருவர் நடக்கும் அதிர்வும் பொறுக்கவொண்ணா என்கிறார். அதனை நாம் நம் நண்பர் ஒருவரிடம் நேரிற் கண்டோம். சித்தூர் மாவட்டத்தில் முப்பது ஆண்டு பணியாற்றியவர் அவர். அந்நாட்களில் செருப்பு ஏறாது. குந்தி அமரும் கழிப்பிடத்திற்குப் போக மகன் தாங்க வேண்டும். பேருந்தின் முதற்படி மலையாகத் தோன்றும். வாயிற்படியில் குழந்தை ஓடிவந்தால், விரலில் பட்டுவிடுமோ என்று கை நீட்டித் தடுப்பார். பேரனை அவர் வெறுக்கின்றார் என்று வீட்டார் சில நாள் எண்ணியிருந்தனர். பத்து நாளில் வலி நீங்கும். நீங்கியதும் எல்லாம் மறந்து போகும். மாத்திரையும் நின்றுவிடும்.

மருந்தின் கதை நமக்குப் பெருமையும் தருவது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களுள் முதலில் நிற்பது செங்காந்தள். இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. மகளிர் விரலுக்கு உவமையாகப் புலவர் பாடிய அம்மலர்க்கொடியின் கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்னும் பொருள் உண்டு. மேனாட்டில் கொல்சிக்கம் என்னும் வேறொரு செடி நெடுங்காலமாக இந்நோய்க்கு வழங்கியது. 1820-இல் பிரெஞ்சு வேதியியலார் பெல்தியேயும் கவாந்துவும் அதிலிருந்து அப்பொருளைப் பிரித்தனர். விரலுக்கு உவமையான மலரே கால்விரல் வலிக்கு மருந்தையும் உள்ளடக்கி நிற்பதை எண்ணி எண்ணி வியக்கின்றோம். திண்டுக்கல், கரூர்ப் பக்கங்களில் உழவர் இதனைப் பயிரிட, விதை அயல்நாடு செல்கின்றது. ஆனால் கலப்பைக்கிழங்கு என்று நம் ஊரார் அஞ்சும் கொடிய நஞ்சும் இதுவேயாதலால், வீட்டு மருந்தாக எவரும் தொடலாகாது.

கொல்சிசின் வலியைத் தணிக்கும், அமிலத்தைக் குறைக்காது. குறைப்பது அலோபியூரினால். 1966 முதல் வழக்கில் உள்ள இதனை ஆக்கியவர்களுள் ஹிட்சிங்சும் எலியன் அம்மையாரும் 1988-இல் நோபல் பரிசு பெற்றனர். மருத்துவர் அளவிட்டபடி வலியில்லாத நாளிலும் உட்கொண்டால், படிகங்கள் நாளடைவில் கரைகின்றன. உணவிலோ, நம் வீடுகளில் முதலில் விலக்கப்படுவது பருப்பும் கீரையும். அவற்றால் தீங்கு பெரிதில்லை. ஈரல் முதலிய உறுப்பிறைச்சி, மது, சர்க்கரைப் பானம் ஆகியவையே ஐயத்திற்குரியன. சித்தூர் வெல்லத்தின் மேல் நமக்குள்ள காதலையும் சற்றுக் குறைக்கத்தான் வேண்டும். பட்டினியும், நீர் குடியாமையும், மூட்டில் படும் அடியும் நோயைக் கிளப்பிவிடும்; நோன்பிருந்து வெயிலில் படியேறுவோர் இதனைக் கருதுதல் நன்று.

நம் நண்பர் சென்ற ஆண்டு விழாவுக்கு வரவில்லை. கூடம் மாடியில் இருந்தது, இருபத்திரண்டு படிகள். அதனை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. மகன் வழியாக நாம் பின்னரே அறிந்தோம். இவ்வாண்டு கூடம் தரைத்தளத்தில் அமைந்திருக்கின்றது. வாயிலில் ஒரு படி உண்டு. அதன் மேல் சாய்வாக இட ஒரு பலகை சொல்லி வைத்திருக்கின்றோம்.