பெயர் மாறிய கைப்பிடி

பேரன் புதிதாக வாங்கிய எலெக்ட்ரிக் கிதாரில், குதிரையின் ஓரத்திலிருந்து வளைந்த கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. "இதுக்குப் பேரு டிரெமோலோ ஆர்ம், தாத்தா" என்றான். அழுத்திக் காட்டினான். ஸ்வரம் கீழே சரிந்தது. விட்டதும் மேலே ஏறி வந்தது.

"அப்படின்னா இது டிரெமோலோ இல்லையேடா" என்றேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பேசுகிறவருக்குத் துக்கத்தில் குரல் தழுதழுத்தால், 'குரலில் த்ரெமோலோ' என்பது பிரெஞ்சுக்காரர் வழக்கு. இசையில் டிரெமோலோ என்றால், ஸ்வரம் இருந்த இடத்திலேயே இருக்கும். அது வேகமாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும், அல்லது ஒலியின் அளவு மட்டும் கூடிக் குறையும். ஸ்வரமே சற்று மேலும் கீழும் அசைந்தால் அதற்குப் பெயர் வைப்ரேட்டோ. நம் காதுக்குச் சொல்வதானால், கமகத்துக்குப் பக்கத்து வீடு. பேரனின் கம்பி செய்வது இந்த இரண்டாவது வேலையை. பிரான்சில் கிதார்க்காரர்கள் இன்றும் இதை வைப்ரேட்டோ என்றுதான் சொல்கிறார்கள். பிறகு எப்படி வந்தது இந்தப் பெயர்?

கதை ஹவாய்த் தீவுகளிலிருந்து தொடங்குகிறது. கிதாரை மடியில் கிடத்தி, தந்திகள் மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பது அந்த ஊர் முறை. பழைய இந்திப் பாடல்களை ஹவாயன் கிதாரில் வாசித்த இசைத்தட்டுகளைக் கேட்டவர்களுக்கு அந்தக் குழைவு தெரிந்திருக்கும். அமெரிக்காவில் அந்த இசை பிரபலமானதும், சாதாரணக் கிதாரிலும் அதே குழைவு வேண்டும் என்ற ஆசை பிறந்தது. 1930-களில் டாக் காஃப்மன் என்பவரின் 'வைப்ரோலா' என்ற கருவி விற்பனைக்கு வந்தது. கைப்பிடியை அசைத்தால் தந்தியின் இறுக்கம் மாறும், ஸ்வரமும் அசையும். ஆனால் அசைத்த பிறகு தந்தி பழைய சுருதிக்குத் திரும்பாது. மெர்ல் டிராவிஸ் என்ற கிதார்க் கலைஞர் அந்தக் குறையைச் சரிசெய்யச் சொல்லி பால் பிக்ஸ்பியிடம் கொடுத்தார். பிக்ஸ்பி மோட்டார் சைக்கிள் தொழிலில் இருந்து வந்தவர். பழையதை ஒட்டுப்போடுவதை விட்டுவிட்டு, ஒரே ஒரு தடித்த ஸ்பிரிங் வைத்துப் புதிதாகவே ஒன்று செய்துவிட்டார்.

அடுத்து வருகிறவர் லியோ ஃபெண்டர். இவரிடம் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. காரணம், இவரும் நம்மைப்போல் கணக்கு எழுதியவர்! கலிஃபோர்னியா மாநில நெடுஞ்சாலைத் துறையில் கணக்கு வேலை பார்த்தவர். பொருளாதார மந்தத்தில் அந்த வேலை போயிற்று. 1938-ல் கடன் வாங்கி ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தார். பின்னால் அதே காஃப்மனோடு சேர்ந்து சில காலம் தொழில் நடத்தினார். கிதார் வாசிக்கத் தெரியாமலே உலகப் புகழ்பெற்ற கிதார்களைச் செய்தவர் இவர்.

1954-ல் அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. அதில் தந்திகளும் குதிரையும் ஒன்றாகவே அசையும்படி அமைத்தார். 1956-ல் கிடைத்த காப்புரிமையில் அந்த அமைப்பின் தலைப்பு 'டிரெமோலோ கருவி'. இதில் வேடிக்கை, அதே ஆண்டு அவர் கம்பெனி வெளியிட்ட 'வைப்ரோலக்ஸ்' என்ற ஒலிபெருக்கி. ஒலியைக் கூட்டிக் குறைத்து நடுங்க வைக்கும் வசதி அதில் இருந்தது. உண்மையான டிரெமோலோ அதுதான். அதற்கு வைப்ரேட்டோ என்று பெயர். இரண்டு கோப்புகளின் மேலட்டை இடம் மாறிப் போனதுபோல் ஆகிவிட்டது. அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்: தலைப்பு தப்பாகப் பதிவேட்டில் ஏறிவிட்டால், பிறகு வருகிறவர்கள் எல்லாரும் அந்தத் தப்பான பெயரைச் சொல்லித்தான் கோப்பைத் தேடுவார்கள்.

பெயர் தப்பானாலும் கருவி சோடை போகவில்லை. இங்கிலாந்தில் ஹாங்க் மார்வின் அந்தக் கம்பியை மெல்ல அசைத்து வாசித்த 'அப்பாச்சி' 1960-ல் அங்கே முதலிடம் பிடித்தது. 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தார். நடுநடுவே கம்பியை அடிவரை அழுத்தி, குண்டு விழும் ஓசையை எழுப்பினார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த சமயம் அது. சைகோனில் உறவினர்கள் இருந்த நம் ஊர்க் குடும்பங்களுக்கு அந்த ஓசையின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சுருதி திரும்பாத தொல்லை மட்டும் முழுதாகப் போகவில்லை. நகை வேலை தெரிந்த ஃபிளாய்ட் ரோஸ் என்பவர், தந்தியை இரு முனையிலும் பூட்டிவிடும் அமைப்பைக் கண்டுபிடித்து 1979-ல் காப்புரிமை பெற்ற பிறகுதான், எவ்வளவு ஆட்டினாலும் சுருதி நிற்கும் என்ற நிலை வந்தது.

பேரனின் கிதாரில் அந்தப் பூட்டு கிடையாது, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைதான். "ஒவ்வொரு தடவையும் சுருதி கலையுது, திருப்பிக் கொடுத்துடப் போறேன்" என்று சலித்துக்கொண்டான். படித்து வைத்ததைப் பார்த்துவிடலாம் என்று பின்பக்க மூடியைக் கழற்றினோம். ஒரு தராசுதான் அது. முன்னால் ஆறு தந்திகள் இழுக்கின்றன. சாதாரணத் தந்திகளானால் மொத்தம் சுமார் 45 கிலோ இழுவை. பின்னால் ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. இரண்டும் சமமாகும் இடத்தில் குதிரை நிற்கிறது.

அவன் கிதாரில் ஸ்பிரிங் தளர்ந்து, குதிரை முன்பக்கம் சாய்ந்து கிடந்தது. ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூக்களையும் அரைச் சுற்று இறுக்குவது, மறுபடி சுருதி சேர்ப்பது, மறுபடி அரைச் சுற்று. குதிரையின் பின்பக்கம் பலகையிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும்வரை பொறுமையாகச் செய்தோம். கழுத்தின் மேல்முனையில் தந்திகள் உட்கார்ந்திருக்கும் பள்ளங்களில் தந்தி சிக்காமல் வழுக்க, பென்சில் கரியைத் தேய்த்தோம்.

மாலை ஆகிவிட்டது. பேரன் கம்பியை அழுத்தினான். ஸ்வரம் பள்ளத்தில் இறங்கியது. விட்டான். புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. மறுபடி அழுத்தினான், மறுபடி வந்தது.

"திருப்பிக் கொடுக்கலையா?" என்று கேட்டேன்.

"டிரெமோலோதான் சரியாயிடுச்சே தாத்தா" என்றான்.

இந்த முறை நான் திருத்தவில்லை.