மானியம்

‘மான்ய’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. மதிப்புக்குரியது என்று பொருள். தமிழில் அது முதலில் நிலத்தில் வேரூன்றியது. வரி நீக்கியோ குறைந்த வரிக்கோ விடப்பட்ட நிலமே மானியம். ஊழிய மானியத்துக்கு நிபந்தனை உண்டு: கோயிலில் நாதசுரம் வாசிப்பவர், ஊர்க் கணக்கு எழுதுபவர் போன்றோர் பணி செய்யும்வரை அனுபவிக்கலாம்; தன் விருப்பம்போல் விற்க முடியாது. இனாம் என்றும் அழைக்கப்பட்ட இத்தகைய நிலங்களை ஆராய 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைந்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டங்கள் இனாம் முறையை ஒழித்தன.

நிலம் போனது, சொல் தங்கியது. இன்று உர மானியம், சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை, பல்கலைக்கழக மானியக் குழு என்று அதன் எல்லை விரிந்திருக்கிறது. இலவசம் என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. பழைய நிபந்தனை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017ஐப் பாருங்கள். முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ மானியத்தில் வாங்கிய நுண்ணோக்கியையோ வாகனத்தையோ, மானியம் பெற்ற நிறுவனம் ஒப்புதல் தந்த அதிகாரியின் முன்அனுமதியின்றி விற்கவும் கூடாது, வேறு நோக்கத்துக்குத் திருப்பவும் கூடாது. பணம் செலவானதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். வாங்கிய பொருளைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நிலையான சொத்துகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் சரிபார்க்கவும் வேண்டும். ஏட்டில் இருக்கும் கருவி ஆய்வகத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கும் இந்த வேலையைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். மாணவர் கைக்குக் கருவி போய்ச் சேர்ந்ததா என்பது அப்போதுதான் தெரியும்.