பிரவுன் பல்கலைக்கழகத்தின் சோதனை எழுத்துப் பயிற்சி

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத் தலைநகர் பிராவிடன்ஸில் உள்ள பிரவுன் பல்கலைக்கழகம் இலக்கியக் கலைத் துறையில் இரண்டாண்டு முதுகலைப் பட்டம் வழங்குகிறது. சோதனை எழுத்தைப் பாடமாகவே ஏற்றுக்கொண்ட படிப்புகளுள் இது முக்கியமானது. இத்தகைய படிப்புகளுக்கு முன்னோடி, அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்துப் பட்டறை. ஒரு மாணவர் எழுதியதைச் சக மாணவர்கள் முன்கூட்டியே படித்து வந்து, கூடி உட்கார்ந்து அலசுவது அதன் முறை. பிரவுனிலும் பட்டறை உண்டு. ஆனால் கதை சரியாக வந்திருக்கிறதா என்பதோடு அங்கே பேச்சு முடிவதில்லை. எதில் எழுதுகிறோம், எப்படி வாசிக்க வைக்கிறோம் என்பதும் பயிற்சிக்குள் அடங்கும்.

இந்தப் போக்குக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் ஜான் ஹாக்ஸ். 1958 முதல் 1988 வரை அங்கே கற்பித்த அவர், கதைப்பின்னல், பாத்திரம், களம், கருப்பொருள் ஆகியவற்றை நாவலின் எதிரிகள் என்றே சொன்னவர். அங்கே கவிஞர் மைக்கேல் ஹார்ப்பரிடம் பயின்ற கெய்ல் ஜோன்ஸ் 1975இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு அவருடைய முதல் நாவல் ‘கொரெகிடோரா’ வெளிவந்தது. ப்ளூஸ் பாடகியின் வாழ்வை ப்ளூஸ் இசையின் திரும்பத் திரும்ப வரும் சொல்லமைப்பிலேயே சொல்லும் நாவல் அது. சோதனை என்பது வெறும் வடிவ விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள் இந்த நாவலைப் படிக்க வேண்டும். அடிமைமுறையின் வடு அதில் மொழிநடையாகவே மாறியிருக்கிறது.

கவிதைப் பக்கத்தில் பிரவுனில் கற்பித்த கீத் வால்ட்ராப்பின் பங்கு பெரிது. அவரும் மனைவி ரோஸ்மேரியும் 1961இல் மிச்சிகனில் தொடங்கிய ‘பர்னிங் டெக்’ சிற்றிதழ் சிறு பதிப்பகமாக வளர்ந்தது. பின்னர் பிராவிடன்ஸில் தங்கள் வீட்டிலேயே ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்தார்கள். பதிப்பகம் 2017 வரை நடந்தது. பெரிய பதிப்பகங்கள் தொடத் தயங்கிய கவிதைகள் அப்படித்தான் புத்தகமாயின. எழுதுவதையும் அச்சிடுவதையும் ஒரே வேலையாகச் செய்த ஆசிரியர் பக்கத்திலேயே இருந்தது எந்தப் பாடத்திட்டமும் தர முடியாத கல்வி.

நாவலாசிரியர் ராபர்ட் கூவர் அதே அக்கறையைக் கணினிக்குக் கொண்டுசென்றார். பிரவுனில் அதற்கு நிலம் ஏற்கெனவே பண்பட்டிருந்தது: 1967இலேயே டெட் நெல்சனும் ஆண்ட்ரிஸ் வான் டாமும் அங்கே மீயுரைத் (இணைப்புகள் வழியே தாவிப் படிக்கும் உரை) தொகுப்பி ஒன்றை உருவாக்கியிருந்தனர். 1990களின் தொடக்கத்தில் கூவர் நடத்திய மீயுரைப் பட்டறையில் மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கற்பனை ஹோட்டலை எழுதினார்கள். யார் வேண்டுமானாலும் புதிய அறை சேர்க்கலாம், தாழ்வாரம் திறக்கலாம், அடுத்தவர் இணைப்பை அறுக்கலாம், அவருடைய பாத்திரத்தைக் கொன்றும் விடலாம். தன் எழுத்து தனக்கே சொந்தம் என்ற நினைப்போடு வந்த மாணவருக்கு இது கடுமையான பயிற்சியாகவே இருந்திருக்கும். இந்த அனுபவத்தை வைத்துக் கூவர் 1992இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நூல் மதிப்புரைப் பகுதியில் எழுதிய ‘புத்தகங்களின் முடிவு’ என்ற கட்டுரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பிரவுனில் படித்த ஷெல்லி ஜாக்சனின் ‘பேட்ச்வொர்க் கேர்ள்’ (1995) மீயுரைப் புனைவின் சிறந்த படைப்புகளுள் ஒன்று. மேரி ஷெல்லியின் நாவலில் பாதியில் அழிக்கப்பட்ட பெண் உருவத்தை அது உயிர்ப்பிக்கிறது. உடலைப் போலவே கதையும் துண்டு துண்டாக இருக்கிறது, வாசகர்தான் இணைத்துப் படிக்க வேண்டும்.

அடுத்த கட்டம் ‘கேவ்’ எனப்படும் அறை. சுவர்களிலும் தரையிலும் முப்பரிமாணப் படம் வீழ்த்தும் இந்த அறை அறிவியல் ஆய்வுக்காகக் கட்டப்பட்டது. கூவர் அங்கே எழுத்தாளர்களை அழைத்துச் சென்றார். நோவா வார்ட்ரிப்-ஃப்ருவினும் கூவர் உள்ளிட்ட குழுவினரும் உருவாக்கிய ‘ஸ்க்ரீன்’ படைப்பில் நினைவுகளைச் சொல்லும் பத்திகள் சுவரில் தோன்றும். பிறகு சொற்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து வாசகரைச் சுற்றிப் பறக்கும். கையால் தட்டினால் சுவருக்குத் திரும்பும், சில தவறான இடத்தில் போய் ஒட்டும். மறதியைப் பற்றி எழுதுவதைவிட வாசகரை மறதிக்குள்ளேயே நிறுத்திவிடுவது வலிமையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று அரிது.

இவ்வகைப் படைப்புகளின் பெரிய இடர் ஆயுள். ‘ஸ்க்ரீன்’ போன்றவற்றை அந்த அறை இல்லாமல் முழுமையாக அனுபவிக்க முடியாது. ‘ஸ்டோரிஸ்பேஸ்’ மென்பொருளில் எழுதப்பட்ட மீயுரைப் புனைவுகளின் பழைய பதிப்புகள் இன்றைய கணினிகளில் அப்படியே திறக்காது. 1999இல் மின்னிலக்கிய அமைப்பைத் தொடங்கியவர்களுள் கூவரும் ஒருவர். அவ்வமைப்போடு தொடர்புடைய டீன் கிரிகரும் ஸ்டூவர்ட் மூல்த்ராப்பும் பின்னர் இத்தகைய படைப்புகளைப் பதிவுசெய்து வைக்க ‘பாத்ஃபைண்டர்ஸ்’ என்ற திட்டத்தை மேற்கொண்டனர். ஜாக்சன் உள்ளிட்ட எழுத்தாளர்களைப் பழைய கணினிகள் முன் உட்கார வைத்து, அவர்கள் தங்கள் படைப்பைத் தாங்களே வாசித்துச் செல்வதைப் படம்பிடித்து வைத்தனர்.