பொய்யுடல் சொல்லும் மெய்

'மெய்' என்னும் சொல்லுக்குத் தமிழில் உடல் என்றும் பொருள். உண்மை என்றும் பொருள். உடலின் உண்மையை அறிய மனிதன் பொய்யானதோர் உடலைச் செய்துகொண்ட வரலாற்றைப் படிக்கையில், இவ்விரு பொருளும் ஒருங்கே நம் நினைவுக்கு வருகின்றன.

1842 மே 25ஆம் நாள், பிராக் நகரில், இரட்டை விண்மீன்களின் நிறம் குறித்துக் கிறிஸ்டியன் டாப்ளர் ஒரு கட்டுரை வாசித்தார். அலையை எழுப்பும் பொருள் நம்மை நெருங்கினால் அதிர்வெண் கூடும். விலகினால் குறையும் என்பது அவர் கண்ட விதி. விண்மீன்களின் நிறத்துக்கு அவர் சொன்ன விளக்கம் பிழையானது; விதியோ நிலைத்தது. அவ்விளக்கத்தை ஏற்காத டச்சு அறிஞர் பைஸ் பாலோட், 1845இல் உட்ரெக்ட் அருகே ஓடும் புகைவண்டியில் ஊதுகொம்புக் கலைஞரை ஏற்றிச் சோதனை செய்தார். பாதையோரம் நின்ற இசைவாணர் தம் செவியால் சுருதியைக் கணித்தனர். விதி மெய்யென்று தெரிந்தது. வண்டியின் வேகமும் தெரியும், ஊதிய சுரமும் தெரியும். தெரிந்ததை வைத்துப் புதியதைச் சோதிக்கும் இம்முறையே பின்னர் வந்தவற்றுக்கெல்லாம் வித்து.

ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கடந்தபின், ஓசாகாவில் ஷிகெயோ சாதோமுரா மீயொலியை உடலுக்குள் செலுத்தி, துடிக்கும் இதயத்தின் அசைவை டாப்ளர் விதியால் அறிந்தார். அவருடைய ஆங்கிலக் கட்டுரை 1957இல் வெளிவந்தது. குருதியோட்டத்தை ஆராயவும் அவர் முற்பட்டார். 1960இல் இளம் வயதிலேயே மறைந்தார். 1961இல் அமெரிக்காவின் சியாட்டில் ஆய்வாளரும் குருதியிலிருந்து சிதறி மீளும் ஒலியைக்கொண்டு அதன் ஓட்டத்தை அளந்து காட்டினர்.

கருவி ஒரு வேகத்தைச் சொல்கிறது. அது சரிதான் என்று சொல்வது யார்? உயிருள்ளவரின் நாளத்தை அறுத்துப் பார்க்க இயலாது. இங்குதான் பொய்யுடல் வருகிறது. ஆய்வகத்தார் இதனை 'ஃபாண்டம்' என்பர். அகர் கூழ் தசையின் இடத்தில் நிற்கிறது. ஒலி அதனுள்ளும் நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் செல்லுமாறு கிளிசரால் சேர்க்கின்றனர். நாளத்துக்கு ஒரு குழாய். செவ்வணுக்களுக்கு ஈடாக, ஏறத்தாழ 5 மைக்ரான் அளவுள்ள நைலான் துகள்கள் கலந்த நீர்மம். இதயத்தின் வேலையை ஒரு பம்பு செய்கிறது.

குழாயின் உள்விட்டம் 8 மில்லிமீட்டர் என்று கொள்வோம். நடுவில் ஓடும் நீர்மத்தின் வேகம் நொடிக்கு 50 சென்டிமீட்டர் எனக் கருவி காட்டுகிறது. சீரான ஓட்டத்தில் சராசரி வேகம் அதில் பாதி. ஆகவே நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லிலிட்டர் வெளிவர வேண்டும். குழாயின் வாயில் ஓர் அளவுசாடியை வைத்து, நிறுத்துகடிகாரத்தைப் பார்த்தால் போதும். விலையுயர்ந்த கருவிக்கு ஒரு சாடி நீதி வழங்குகிறது!

இது வெறும் ஆய்வகத் துல்லியமன்று. ஒலிக்கதிருக்கும் ஓட்டத்துக்கும் இடையிலான கோணத்தைக் கருவிக்கு நாம்தான் சொல்ல வேண்டும். உண்மைக் கோணம் 60 பாகையாக இருக்க, 65 என்று குறித்துவிட்டால் வேகம் சுமார் 18 விழுக்காடு மிகுதியாகத் தோன்றும். 2003இல் வெளியான அமெரிக்க வல்லுநர் பரிந்துரை, கழுத்துத் தமனியில் உச்சவேகம் நொடிக்கு 230 சென்டிமீட்டரைக் கடந்தால் 70 விழுக்காடோ அதற்கு மேலோ அடைப்பு இருக்கலாம் என்கிறது. 200 என்னும் உண்மை அளவு இப்பிழையால் ஏறத்தாழ 237 ஆகிவிடும். ஐந்து பாகைத் தவற்றால், கண்காணிப்பு போதுமான ஒருவர் அறுவை மேசையை நோக்கி நகர்த்தப்படலாம்.

பொய்யுடலுக்கும் எல்லை உண்டு. நேரான குழாய், வளைந்தும் விரிந்தும் துடிக்கும் தமனி ஆகிவிடாது. ஆயினும், தன் ஓட்டம் எவ்வளவு என்று ஐயமின்றிச் சொல்லவல்லது அதுவே. மெய்யுடல் அவ்வாறு வாய் திறப்பதில்லை. கருவியின் எண்ணை நம்பித் தன் கழுத்தை ஒப்படைக்கும் நோயாளி அறியமாட்டார், தமக்கு முன்பே நைலான் குருதி ஓடிய ஓர் உடல் தமக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறது என்பதை.