ஃபிராங்கி நக்கிள்ஸும் ஹவுஸ் இசையும்

ஹவுஸ் என்பது 1980களின் முற்பாதியில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உருவான நடன இசை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி வேகம், ஒவ்வோர் அடியிலும் தவறாமல் விழும் கனத்த டிரம் ஓசை, திரும்பத் திரும்ப வரும் பேஸ் வரி, அவற்றின்மேல் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டை நினைவூட்டும் உருக்கமான குரல் ஆகியவை இதன் அடையாளங்கள். இந்த இசைக்குப் பெயர் கொடுத்தது ஒரு கிளப். அங்கே இசைத்தட்டுகளைச் சுழற்றிய டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ். பிறர் பதிவுசெய்த பாட்டை ஒலிக்கவிடுவதே டிஜேயின் வேலை என்றிருந்த காலத்தில் தொழிலுக்கு வந்து, அந்த வேலையை இசையாக்கமாகவே மாற்றிய முன்னோடிகளுள் ஒருவர் அவர்.

நக்கிள்ஸ் 1955 ஜனவரி 18 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தார். இயற்பெயர் பிரான்சிஸ் வாரன் நிக்கோல்ஸ். துணி வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்த இளம் வயதிலேயே, பிற்காலத்தில் நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பால் புகழ்பெற்ற லாரி லெவனுடன் நட்பு ஏற்பட்டது. 1970களின் தொடக்கத்தில் இருவரும் நிக்கி சியானோ நடத்திய கேலரி என்ற கிளப்பில் அலங்காரம் போன்ற எடுபிடி வேலைகள் செய்தார்கள். பிறகு அன்சோனியா ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்த கான்டினென்டல் பாத்ஸ் என்ற இடத்தில் இசைத்தட்டு போடத் தொடங்கினார்கள்.

டிஜே தொழில் வேகமாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு டர்ன்டேபிள்களை வைத்து, ஒரு பாட்டின் தாளம் முடியுமுன் அடுத்த பாட்டின் தாளத்தை அதோடு பொருத்தி, ஆடுகிறவர்களின் கால் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் கலை நியூயார்க்கில் வளர்ந்திருந்தது. ஆனால் மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும் வானொலிப் பாட்டு நடனத்துக்குப் போதவில்லை. 1976இல் சால்சோல் நிறுவனம் ‘டென் பர்சென்ட்’ என்ற பாட்டை, டிஜே வால்டர் கிப்பன்ஸ் ஒன்பது நிமிடத்துக்கும் மேல் நீட்டித் தந்த வடிவத்தில், 12 அங்குல இசைத்தட்டாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு பாட்டு எப்படி அமைய வேண்டும் என்பதில் டிஜேக்கும் பங்குண்டு என்பதை இசைத்தட்டு நிறுவனங்கள் ஒப்புக்கொண்டதற்கு இது ஓர் அடையாளம். நக்கிள்ஸ் தொழில் கற்றது இந்தச் சூழலில்தான்.

1977இல் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் சிகாகோவில் ஒரு கிளப் தொடங்கினார். தெற்கு ஜெபர்சன் தெரு 206ஆம் எண்ணில், ஒரு பழைய தொழிற்கூடக் கட்டடத்தில் அது அமைந்தது. வில்லியம்ஸ் முதலில் அழைத்தது லெவனை. அவர் நியூயார்க்கை விட்டு வர மறுத்ததால் வாய்ப்பு நக்கிள்ஸிடம் வந்தது. கட்டடத்தை வைத்தே கிளப்பை வேர்ஹவுஸ், அதாவது கிடங்கு, என்று மக்கள் அழைத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்கத் தன்பாலின ஈர்ப்பாளர்கள்; நகரின் மற்ற கேளிக்கை இடங்களில் வரவேற்பு கிடைக்காதவர்கள். மதுவுக்குப் பதில் பழச்சாறு விற்ற அந்த இடத்தில், சனிக்கிழமை இரவு தொடங்கிய ஆட்டம் ஞாயிறு பகல் வரை நீளும். விளக்குகளை அணைத்துவிட்டு, ரயில் ஒன்று அரங்கத்தினூடே பாய்ந்து செல்வதுபோல ஒலிபெருக்கிகளில் சத்தம் எழுப்புவது நக்கிள்ஸின் பெயர்பெற்ற உத்தி.

அவர் வந்து இரண்டு ஆண்டுகளில், அன்றைய கிளப்களின் நடன இசையான டிஸ்கோவுக்குச் சோதனை வந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் டிஸ்கோ எதிர்ப்பு நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். டிஸ்கோ இசைத்தட்டு கொண்டுவந்தவர்களுக்கு 98 சென்ட்டுக்கு அனுமதி. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, சேர்ந்த தட்டுகளைப் பெட்டியில் போட்டு வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் களத்தில் இறங்கிக் கலவரம் செய்ததால் இரண்டாம் ஆட்டம் நடக்கவில்லை. வெறுப்பு இசையின்மீது மட்டுமல்ல, அதை வளர்த்த கறுப்பின மக்கள்மீதும் தன்பாலின ஈர்ப்பாளர்கள்மீதும்தான் என்று பலரும் கருதினார்கள். அடுத்த சில மாதங்களில் பெரிய நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிட்டன.

இது நக்கிள்ஸுக்குத் தொழில்முறைச் சிக்கலாக வந்து சேர்ந்தது. வாராவாரம் ஆடவரும் கூட்டம் குறையவில்லை. ஆனால் அவர்களுக்குப் போட, துள்ளலான புதிய பாட்டுகளின் வரத்து குறைந்துவிட்டது. எனவே கையிலிருந்த பழைய தட்டுகளைப் புதிதாக்கத் தொடங்கினார். ஒலிப்பதிவு படித்துக்கொண்டிருந்த எராஸ்மோ ரிவேரா என்ற நண்பரின் துணையோடு, பாட்டுகளை ஸ்பூல் டேப்பில் பதிவுசெய்து, டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டினார். தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதிகள் நீண்டன; முன்னிசையின் நான்கு அடிகள் பலமுறை திரும்ப வந்தன; கூட்டம் காத்திருந்த குரல் தாமதமாக நுழைந்தது. பிலடெல்பியா சோல் பாட்டுகளோடு ஐரோப்பாவிலிருந்து வந்த மின்னணு இசையையும் கலந்தார். ஹவுஸ் என்பது டிஸ்கோவின் பழிவாங்கல் என்று பின்னாளில் அவர் குறிப்பிட்டது இந்த வரலாற்றை வைத்துத்தான்.

வேர்ஹவுஸில் கேட்ட பாட்டுகளைத் தேடி இளைஞர்கள் இசைத்தட்டுக் கடைகளுக்குப் போனார்கள். இம்போர்ட்ஸ் எட்செட்ரா என்ற கடை, ‘வேர்ஹவுஸில் ஒலித்தவை’ என்று எழுதி அவற்றைத் தனியே அடுக்கியது. அந்தச் சொல் தேய்ந்து ‘ஹவுஸ்’ ஆனது என்பதே பெயர்க்காரணமாகப் பரவலாகச் சொல்லப்படுவது. ஆக, பெயர் முதலில் ஒரு டிஜேயின் பாட்டுத் தேர்வைத்தான் குறித்தது. அந்தப் பெயருக்கென்றே இசை செய்யப்பட்டது அதற்குப் பிறகு.

நக்கிள்ஸ் வேர்ஹவுஸிலிருந்து விலகி 1983இல் பவர் பிளான்ட் என்ற சொந்தக் கிளப்பைத் தொடங்கினார். வில்லியம்ஸ் தன் கிளப்பை மியூசிக் பாக்ஸ் ஆக்கி ரான் ஹார்டியை டிஜேயாக அமர்த்தினார். ஹார்டியின் ஆவேசமும் நக்கிள்ஸின் நிதானமும் ஒன்றையொன்று தூண்டின. டெட்ராய்ட் நகர இசைக்கலைஞர் டெரிக் மே விற்ற ரோலண்ட் டிஆர்-909 டிரம் மெஷின் நக்கிள்ஸின் கைக்கு வந்ததும் இந்தக் காலத்தில்தான். ஜப்பானில் தயாரான அந்தக் கருவி உண்மையான டிரம்மைப்போல ஒலிக்கவில்லை என்று பலரால் ஒதுக்கப்பட்டது. சந்தையில் தோற்றதால் பழைய பொருளாக மலிவு விலையில் கிடைத்தது. ஓடும் பாட்டின் அடியில் அதன் அழுத்தமான அடியைச் சேர்த்தும், பாட்டே இல்லாமல் அதை மட்டும் ஓடவிட்டும் அவர் நடனத்தை நடத்தினார்.

1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் வெளியிட்ட ‘ஆன் அண்ட் ஆன்’ முதல் ஹவுஸ் இசைத்தட்டாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. நக்கிள்ஸின் பெயரோடு நிலைத்துவிட்ட முதல் பாட்டு ‘யுவர் லவ்’. இதை உருவாக்கிப் பாடியவர் ஜேமி பிரின்சிபிள் என்ற சிகாகோ இளைஞர். தட்டாக வெளிவருமுன்பே அது டேப்பில் நக்கிள்ஸின் கிளப்பில் ஒலித்து, பிரதிக்குமேல் பிரதியாக நகரமெங்கும் பரவியிருந்தது. டிராக்ஸ் நிறுவனம் 1987இல் அதை நக்கிள்ஸின் பெயரில் வெளியிட்டதால், இயற்றியவரின் பெயர் பின்னுக்குப் போனது. எழுதியவர் யார், தயாரித்தவர் யார், பரப்பியவர் யார் என்ற எல்லைகள் தெளிவில்லாத அன்றைய சிகாகோவில் இது அரிதான சம்பவமல்ல. 1991இல் இதன் இசையையும் கேண்டி ஸ்டேட்டனின் குரலையும் இணைத்த ‘யூ காட் த லவ்’ பிரிட்டன் பாட்டுப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது.

சொந்த நாட்டைவிடப் பிரிட்டனே ஹவுஸை முதலில் பெரிய அளவில் வாங்கியது. 1987 ஜனவரியில் ஸ்டீவ் ‘சில்க்’ ஹர்லியின் ‘ஜாக் யுவர் பாடி’ அங்கே முதலிடம் பிடித்தது. அதே ஆண்டில் நக்கிள்ஸ் லண்டனில் சில மாதங்கள் தங்கி டெலிரியம் என்ற கிளப்பில் வாசித்தார். பவர் பிளான்ட் மூடப்பட்ட பிறகு, 1980களின் இறுதியில் நியூயார்க் திரும்பினார்.

அங்கே ஜூடி வெயின்ஸ்டைன், டேவிட் மொராலஸ் ஆகியோருடன் டெஃப் மிக்ஸ் நிறுவனத்தில் இணைந்து முழுநேர இசைத் தயாரிப்பாளர் ஆனார். பெரிய பாடகர்களின் பாட்டை ரீமிக்ஸ் செய்யும்போது அவர்களது குரலை மட்டும் வைத்துக்கொண்டு, பியானோவும் வயலின் கூட்டமும் கொண்ட புதிய இசையை அதற்கு அமைப்பது இந்தக் குழுவின் வழக்கம். மைக்கேல் ஜாக்சன், டயானா ராஸ், லூதர் வாண்ட்ராஸ் ஆகியோரின் பாட்டுகள் நக்கிள்ஸின் கைக்கு வந்தன. ஜப்பானியரான சதோஷி தொமியே, சிகாகோ பாடகர் ராபர்ட் ஓவன்ஸ் ஆகியோருடன் செய்த ‘டியர்ஸ்’ 1989இல் வெளியானது. 1991இல் ‘பியாண்ட் த மிக்ஸ்’ என்ற அவரது முதல் ஆல்பம் வந்தது. அதிலுள்ள ‘த விசில் சாங்’ எரிக் கப்பர் இயற்றியது. சொல்லே இல்லாமல் புல்லாங்குழல் போன்ற மெட்டை மட்டும் நம்பிய அந்தப் பாட்டு பில்போர்ட் நடனப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1998இல் கிராமி விருதுகளில் சிறந்த ரீமிக்ஸ் கலைஞருக்கான பிரிவு முதன்முறையாக அறிமுகமானபோது விருது நக்கிள்ஸுக்குக் கிடைத்தது.

பிற்காலத்தில் அவர் மீண்டும் சிகாகோவில் குடியேறினார். 2004இல் வேர்ஹவுஸ் இருந்த தெருப்பகுதிக்கு அந்நகரம் ‘ஃபிராங்கி நக்கிள்ஸ் வே’ என்று பெயர் சூட்டியது. உடல்நலக் குறைவால் 2008இல் ஒரு பாதத்தை இழந்தார். ஆனாலும் கிளப்களில் வாசிப்பதை விடவில்லை. நீரிழிவால் ஏற்பட்ட சிக்கல்களால் 2014 மார்ச் 31 அன்று, 59ஆம் வயதில் காலமானார். அவரது இசைத்தட்டுத் தொகுப்பு சிகாகோவின் ஸ்டோனி ஐலண்ட் ஆர்ட்ஸ் பேங்க் என்ற கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகிறது. 2023 ஜூனில் தெற்கு ஜெபர்சன் தெரு 206ஆம் எண் கட்டடத்தை நகர நிர்வாகம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவித்தது.