ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் பொதுக் கணக்குகள்

ஒரே பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்துக்கொண்டு ஒருவருக்கு மேற்பட்டோர் ஒரு சர்வருக்குள் நுழையும் ஏற்பாடு பொதுக் கணக்கு எனப்படும். தொலைவிலிருந்து பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் ரிமோட் டெஸ்க்டாப் சர்வர்களில் இது பரவலாகப் புழங்குகிறது. ‘அக்கவுண்ட்ஸ்1’, ‘ஸ்டோர்’, ‘பில்லிங்’ போன்ற பெயர்களில் இவை உருவாக்கப்படும். சர்வருக்குத் தெரிவது கணக்கின் பெயர் மட்டுமே. விசைப்பலகையில் யார் கை இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பொதுக் கணக்கை நிர்வகிப்பதில் உள்ள எல்லாச் சிக்கலும் இதிலிருந்தே கிளைக்கிறது.

ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்ததால்தான் தனிக் கணக்கு என்ற எண்ணமே பிறந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில் உருவான சி.டி.எஸ்.எஸ். என்ற நேரப்பகிர்வு அமைப்பு 1961 நவம்பரில் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. ஒருவரின் கோப்புகளை மற்றவர் தொடாமலிருக்க அதில் ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல் தரப்பட்டது. கணினி நேரமும் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்தே கொடுக்கப்பட்டது. அந்த அளவு போதாத ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், 1962இல் கடவுச்சொல் கோப்பை அச்சிடும்படி துளையட்டையில் கோரிக்கை கொடுத்தார். பட்டியல் அப்படியே அச்சாகி வந்தது. அதன்பின் பிறர் பெயரில் நுழைந்து அவர் தம் வேலையைத் தொடர்ந்தார். ஒரு கணக்கின் பெயரும் அதைப் பயன்படுத்துபவரும் வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பது கடவுச்சொல் வந்த உடனேயே வெளிப்பட்டுவிட்டது.

பொதுக் கணக்கின் வரலாற்றில் அதைவிட முக்கியமான நிகழ்ச்சி அதே அமைப்பில் 1960களின் நடுவில் நடந்தது. ஒரு கோப்பகத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று எண்ணி, உரை திருத்தும் நிரலை எழுதியவர்கள் அதன் தற்காலிகக் கோப்புக்கு ஒரு நிலையான பெயரை வைத்திருந்தார்கள். பின்னர், அமைப்பைப் பராமரித்த நிரலாளர்கள் சேர்ந்து வேலை செய்ய வசதியாக, அவர்களுடைய கோப்பகத்துக்கு மட்டும் ஒரு நேரத்தில் ஒருவர் என்ற கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. ஒருநாள் ஒருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்தினார். இரு தற்காலிகக் கோப்புகளுக்கும் ஒரே பெயர் என்பதால் உள்ளடக்கம் இடம் மாறியது. உள்ளே நுழைந்த ஒவ்வொருவரின் முனையத்திலும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாகத் தொடங்கின. கோர்பாட்டோவே தம் டூரிங் விருது உரையில் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். இதில் தீய நோக்கம் யாருக்கும் இல்லை. ஒருவருக்கென்று கட்டிய இடத்தில் இருவர் நுழைந்ததே போதுமானதாக இருந்தது.

யூனிக்ஸில் ‘ரூட்’ என்ற தலைமைக் கணக்கு நெடுங்காலம் நிர்வாகிகளின் பொதுச் சொத்தாகவே இருந்துவந்தது. 1980 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காக்ஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதிய சூடோ என்ற நிரல் இதற்கு மாற்று வழி காட்டியது. ரூட்டின் கடவுச்சொல்லைக் கொடுக்காமலேயே, அவரவர் கணக்கிலிருந்து ரூட்டின் அதிகாரத்தில் குறிப்பிட்ட கட்டளைகளை இயக்க அது இடம் தருகிறது. அதிகாரத்தைப் பகிரலாம், அடையாளத்தைப் பகிரக் கூடாது என்ற நெறி அதில் செயல்வடிவம் பெற்றது.

விண்டோஸ் உலகில் பலர் பகிரும் டெஸ்க்டாப், ஐ.பி.எம்.மிலிருந்து வெளியேறிய எட் இயகோபுச்சி 1989இல் தொடங்கிய சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் வழியாக வந்தது. அதன் வின்ஃபிரேம் மென்பொருள் 1995இல் விண்டோஸ் என்.டி. 3.51 மீது அமைந்தது. 1997இல் மைக்ரோசாஃப்ட் அந்தத் தொழில்நுட்பத்துக்கு உரிமம் பெற்று, 1998இல் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டது. 2009இல் வந்த சர்வர் 2008 ஆர்2 பதிப்பில் இச்சேவைக்கு ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் என்று பெயர் மாறியது.

இந்தச் சர்வரில் ஒருவர் நுழையும்போது அவருக்கென ஓர் அமர்வு தொடங்கி, அதற்கு ஓர் எண் தரப்படும். ஒரு பயனருக்கு ஓர் அமர்வு மட்டுமே என்ற கட்டுப்பாடு இயங்கும்போது பொதுக் கணக்கு உடனே தடுமாறும். திருச்சிக் கிளையில் ஒருவர் பாதி விலைப்பட்டியலை அடித்துக்கொண்டிருக்கையில், மதுரைக் கிளையில் இன்னொருவர் அதே பெயரில் நுழைந்தால், முதலாமவரின் இணைப்பு அறுந்துவிடும். அவர் அடித்த பாதிப் பட்டியல் மதுரைக்காரரின் திரையில் திறந்தபடி நிற்கும். கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் ஆளுக்கோர் அமர்வு கிடைக்கும். ஆனால் பயனர் விவரக்கோப்பு ஒன்றே. ஒருவர் மாற்றும் அமைப்பு மற்றவரையும் பாதிக்கும். ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவி, ஏற்கெனவே இயங்குகிறது என்று சொல்லித் திறக்க மறுக்கும். தற்காலிகக் கோப்புகளுக்கு மட்டும் விண்டோஸ் அமர்வு எண்ணின் பெயரிலேயே தனித்தனி உறைகளை வைத்துக்கொள்கிறது. எம்.ஐ.டி.யில் நேர்ந்தது போன்ற மோதலை இது தடுக்கிறது.

பொதுக் கணக்கைத் தவிர்க்கவே முடியாத இடங்களில் நிர்வாகி கவனிக்க வேண்டியவை சில உண்டு. அந்தக் கணக்கு ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குழுவில் மட்டும் இருக்க வேண்டும். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. பயனர் கடவுச்சொல்லை மாற்ற முடியாது என்ற தெரிவை இயக்கிவிட வேண்டும். இல்லையெனில் ஒருவர் மாற்றியதும் மற்ற அனைவரும் வெளியே நிற்பார்கள். விவரக்கோப்பைக் கட்டாய வகையாக மாற்றினால் ஒருவர் செய்த மாற்றம் வெளியேறியதும் அழிந்துவிடும். ஊழியர் ஒருவர் விலகினால் அன்றே கடவுச்சொல் மாற வேண்டும். இந்த விதி ஏட்டில் எளிது. நடைமுறையில் அதிகம் மீறப்படுவதும் இதுவே. மாற்றிய பிறகும் தொல்லை உண்டு. பழைய கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருக்கும் ஏதோ ஒரு கணினி திரும்பத் திரும்ப முயன்று, கணக்கையே பூட்டிவிடும். ஒருவரின் தவறுக்கு மொத்தக் கிளையும் வேலையை நிறுத்தும்.

யார் செய்தது என்று பின்னர் கண்டறிவதே மிகக் கடினம். குவெரி யூசர் கட்டளையை இட்டால் ஒரே பெயர் நான்கு வரிகளில் வரும்; அமர்வு எண், நுழைந்த நேரம் போன்றவைதான் வேறுபடும். பாதுகாப்புப் பதிவேட்டில் 4624 என்ற நிகழ்வு நுழைவையும், 4778, 4779 ஆகியவை இணைப்பு மீண்டதையும் அறுந்ததையும், வந்த முகவரியுடன் குறித்துவைக்கின்றன. ஆனால் ஒரே அலுவலகத்திலிருந்து வருவோர் அனைவருக்கும் ரவுட்டரின் ஒரே முகவரி என்றால் அதுவும் உதவாது. லினக்ஸில் எஸ்.எஸ்.எச். வழி நுழையும் பொதுக் கணக்கு இவ்வகையில் மேலானது: ஒவ்வொருவரும் தம் திறவியால் நுழைவதால் எந்தத் திறவி என்பது பதிவாகும், விலகியவரின் திறவியை மட்டும் நீக்கினால் போதும்.

உரிமச் செலவு மிச்சமாகும் என்ற நம்பிக்கையே சிறு அலுவலகங்களைப் பொதுக் கணக்கின் பக்கம் தள்ளுகிறது. இது தவறு. பயனர்வழி உரிமம் ஆட்களைக் கணக்கிடுகிறதே தவிரப் பயனர்பெயர்களை அல்ல. முறைமாற்றி வேலை செய்வோர் ஒரே கணினியைப் பயன்படுத்தும் இடத்தில் கருவிவழி உரிமமே சிக்கனமானது. அங்கும் ஆளுக்கொரு கணக்கு தருவதற்குத் தடையில்லை.

கட்டண அட்டைத் துறையின் பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். தரவிதி, உரிய காரணமும் ஒப்புதலும் இருந்து, ஒவ்வொரு செயலும் ஒரு தனிநபருடன் பொருத்தப்படும்போது மட்டுமே பொதுக் கணக்கை விதிவிலக்காக ஏற்கிறது. இந்தியாவில் செர்ட்-இன் என்ற அரசு இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரலில் வெளியிட்ட கட்டளை, கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரியது. அண்மைக்கால மேகச் சேவைகளில் கைபேசிவழி இரண்டாம் சரிபார்ப்பு வழக்கமாகிவருவதால் ஒரே கணக்கைப் பலர் பகிர்வது கடினமாகிவருகிறது.